ஈயப் புகையா, எங்கப்பன் வழியா? இயக்க நரம்பணு நோயின் காரணங்கள்

சேலம் சிவதாபுரத்தில், பழைய வெள்ளியோடு ஈயம் சேர்த்து உருக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த என் பெரியப்பாவுக்கு ஐம்பத்தாறாவது வயதில் வலது கை விரல்கள் சோர ஆரம்பித்தன. சாமணத்தால் சலங்கையை எடுத்துக் கொலுசின் வளையத்தில் கோர்க்கும்போது அது நழுவிக் கீழே விழும். நாற்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே செய்துவந்த வேலை அது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய சதை குழிவிழுந்து போயிருந்ததைச் சில மாதங்கள் கழித்துத்தான் நாங்கள் கவனித்தோம். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஏழெட்டு மாதங்கள் வைத்தியம் நடந்த பிறகு, பெங்களூரில் தசைக்குள் ஊசி செருகி அதன் மின் துடிப்பைப் பார்க்கும் பரிசோதனை செய்தபோது இயக்க நரம்பணு நோய் என்று உறுதியாயிற்று. அன்று மாலை அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியது அன்று. “ஏம்ப்பா, இது ஈயப் புகையால வந்துச்சா, இல்ல எங்கப்பன் வழியா வந்துச்சா?” என்றுதான் கேட்டார்.

இந்த நோயை ஆராய்பவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியும் ஏறக்குறைய இதுதான். சூழலா, மரபணுவா என்று அவர் கேட்டதில் பிழை எதுவும் இல்லை. இரண்டில் ஒன்றாகத்தான் விடை இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புத்தான் பெரும்பாலான நோயாளிகளின் விஷயத்தில் பொருந்துவதில்லை.

முதலில் நோய் எங்கே பிடிக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். மேட்டூரில் உற்பத்தியாகும் மின்சாரம் நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை. பெரிய கம்பிகள் வழியாகத் துணை மின்நிலையம் வரை வந்து, அங்கிருந்து வேறு கம்பிகள் வழியாகத்தான் வீட்டு விளக்கை அடைகிறது. மூளையிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையும் இப்படி இரண்டு கட்டமாகவே பயணிக்கிறது. மூளையின் மேற்பரப்பில் தொடங்கி மூளைத்தண்டு அல்லது முதுகுத் தண்டுவடம் வரை வருவது மேல் இயக்க நரம்பணு. அங்கே கட்டளையை வாங்கிக்கொண்டு தசை வரை கொண்டு சேர்ப்பது கீழ் இயக்க நரம்பணு. மேலுள்ளது பழுதானால் கை கால்கள் விறைத்துக்கொள்ளும். கீழுள்ளது பழுதானால் தசை மெலியும், தளரும், தோலுக்கடியில் புழு நெளிவது போலத் துடிக்கும். (கண் இமையோ கெண்டைக் காலோ எப்போதாவது துடிப்பது எல்லோருக்கும் நேர்வது, வலுக்குறைவோ மெலிவோ இல்லாத வெறும் துடிப்பைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.) இரண்டு அடுக்குகளும் சேர்ந்து சிதையும் வகைக்கு ஏ.எல்.எஸ். என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்த்தன் ஷார்கோ 1869-இல் இதைத் தெளிவாக விவரித்தார். பெரியவர்களுக்கு வரும் இயக்க நரம்பணு நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதியும் இதைப் பற்றியதுதான்.

உடலில் எத்தனையோ வகை உயிரணுக்கள் இருக்க, இந்த நரம்பணுக்கள் மட்டும் ஏன் இப்படி அழிகின்றன என்று கேட்டால், அவற்றின் உருவத்திலேயே பாதி விடை இருக்கிறது. இடுப்பளவில் தண்டுவடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் ஓர் அணுவின் இழை, பாதத்தின் சிறு தசை வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. அந்த நீளம் முழுவதற்கும் வேண்டிய புரதங்களையும் ஆற்றலையும் பெரும்பாலும் அந்தச் சின்ன அணுவே செய்து அனுப்ப வேண்டும். கழிவையும் திருப்பி இழுத்து அகற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஓய்வில்லாமல் நடக்கும் இந்த வேலையில் எங்கே சிறு குறை இருந்தாலும் அது மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். மரபணுவும் சூழலும் அந்தக் குறையைத்தான் வெவ்வேறு வழிகளில் உண்டாக்குகின்றன.

மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான அச்சு. கொலுசுப் பட்டறையில் அச்சில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு துண்டிலும் அதே கீறல் தெரியும். மரபணுவில் விழும் கீறலைப் பாடப் புத்தகங்கள் சடுதிமாற்றம் என்கின்றன. இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்களில் முதலாவது 1993-இல் கண்டறியப்பட்டது. 21-ஆவது குரோமோசோமில் உள்ள எஸ்ஓடி1 என்பது அதன் பெயர். உயிரணுவுக்குள் ஆக்சிஜனிலிருந்து உருவாகும் தீங்கான ஒரு பொருளைச் செயலிழக்கச் செய்யும் புரதத்துக்கு அதுவே அச்சு. அந்தப் புரதம் வேலை செய்யாமல் போவதால் நச்சு தேங்கி நரம்பணு அழிகிறது என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஆனால் அந்த மரபணுவை அடியோடு நீக்கிய எலிகளுக்கு இந்த நோய் வரவில்லை. கீறல் விழுந்த மனித மரபணுவைக் கொடுத்த எலிகளுக்கு வந்தது. ஆகவே வேலை நின்றுபோனதால் கேடு விளையவில்லை. தப்பாக மடிந்த புரதமே கட்டி கட்டியாகச் சேர்ந்து அணுவைக் கெடுக்கிறது. இந்த வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடு அன்று. புரதம் குறைவதுதான் சிக்கல் என்றால் அதைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்; புரதமே நச்சு என்றால் அது உருவாவதைத் தடுக்க வேண்டும். அந்த இரண்டாவது வழியில் செய்யப்பட்ட டோஃபர்சன் என்ற மருந்துக்கு, எஸ்ஓடி1 கீறல் உள்ளவர்களுக்கு மட்டும், 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முதுகில் ஊசி மூலம் தண்டுவட நீரில் செலுத்தப்படும் மருந்து அது.

2011-இல் கண்டறியப்பட்ட சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவில் நேர்வது வேறு வகைப் பிழை. ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு தொடர் அதில் வழக்கமாகச் சில முறை மட்டுமே திரும்ப வரும். நோயுள்ள குடும்பங்களில் அதே தொடர் நூற்றுக்கணக்கான முறை, சிலரிடம் ஆயிரத்துக்கும் மேல், திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். அதே பிழை சிலருக்குக் கை கால் சோர்வாகவும், அதே வீட்டில் இன்னொருவருக்கு நடத்தையும் பேச்சும் மாறும் ஒரு வகை மறதிநோயாகவும் வெளிப்படும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் குடும்ப வழியாக வரும் நோய்க்கு முதற்காரணம் இதுதான். ஆசிய மக்களிடம் அது அரிது. மேலை நாட்டுப் புள்ளிவிவரங்களை அப்படியே எடுத்து நம் ஊர் நோயாளிக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதுவரை இந்த நோயோடு தொடர்புடையவையாகப் பல மரபணுக்கள் தெரியவந்திருக்கின்றன. ஆயினும் நோயாளிகளில் குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்ததாகச் சொல்பவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மீதிப் பேருக்கு முன்னோர் யாருக்கும் இருந்ததாகத் தெரியாது. ஆனால் அதை வைத்து அவர்களின் நோயில் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. அப்படிப்பட்டவர்களிலும் சிலரிடம் பரிசோதனையில் கீறல் விழுந்த மரபணு கண்டறியப்படுகிறது. கீறல் இருந்தும் நோய் வராமலே முழு ஆயுளையும் வாழ்ந்துவிட்டவர்கள் உண்டு. நோய் வரும் வயதுக்கு முன்பே வேறு காரணத்தால் இறந்துவிட்ட தாத்தாவிடம் அது இருந்ததா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்த நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதியோ அதற்குச் சற்று மேலோ மரபு வழியில் வருவதாகக் காட்டுகின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. குடும்ப வரலாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மிகப் பெரும்பாலான நோயாளிகளின் நரம்பணுக்களுக்குள் டிடிபி-43 என்ற ஒரே புரதம் இடம்மாறித் திரண்டு கிடப்பதை 2006-இல் கண்டுபிடித்தார்கள். தொடங்கும் இடங்கள் வெவ்வேறாக இருந்தாலும் பாதைகள் பிறகு ஓரிடத்தில் வந்து சேர்கின்றன.

நம் ஊரில் இந்த நோய் என்றதும் உறவினர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “சொந்தத்துக்குள்ளயே கட்டினாங்க, அதான்.” என் பெரியம்மா பெரியப்பாவின் அக்கா மகள். ஆகவே இந்தப் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து கீறல் விழுந்த ஒரே பிரதி வந்தாலே போதும் என்ற ஓங்கு முறையில்தான் ஏ.எல்.எஸ். மரபணுக்களில் பெரும்பாலானவை கடத்தப்படுகின்றன. அங்கே கணவனும் மனைவியும் உறவா இல்லையா என்பதற்குப் பெரிய பங்கில்லை. மேலும், ஒருவர் யாரை மணந்தார் என்பதால் மணந்தவருக்கே நோய் வர வழியில்லை; பேச்சு பிள்ளைகளைப் பற்றியதாக இருந்தாலாவது பொருள் உண்டு.

சொந்தத்தில் மணப்பது உண்மையிலேயே கணக்கில் வரும் இடம் வேறு. பச்சிளம் குழந்தைகளையும் சிறுவர்களையும் தாக்கும் தண்டுவடத் தசைச் சிதைவு நோயில் கீழ் இயக்க நரம்பணுக்கள் மட்டும் அழிகின்றன. ஒரு தவணை 16 கோடி ரூபாய் என்று செய்திகளில் நாம் படித்த ஊசி இந்த நோய்க்கானதுதான். இது ஒடுங்கு முறையில் வருவது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய். ஒரு பழுதான பிரதியை மட்டும் சுமப்பவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பார். அப்படி இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகளையோ மாமன் மகளையோ மணக்கும்போது, ஒரே முன்னோரிடமிருந்து அதே பழுதான பிரதி இருவருக்குமே வந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் அத்தகைய குடும்பங்களில் முதல் குழந்தைக்கு இந்த நோய் இருந்தால், அடுத்த கருவுக்கு முன்பே மரபணு ஆலோசனைக்குச் செல்வது மிக அவசியம்.

இனிச் சூழலுக்கு வருவோம். வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் இயக்க நரம்பணுக்களைத் தேர்ந்தெடுத்துத் தாக்க முடியுமா என்ற சந்தேகம் இருந்தால், சேலத்துக்காரர்கள் நன்கறிந்த ஒரு பயிரே அதற்கு விடை சொல்லும். ஆத்தூர், தலைவாசல் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட தோட்டங்களில் வாடிய தழையைத் தின்ற ஆடு சிறிது நேரத்துக்குள் வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சாய்வதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். மரவள்ளியின் தழையிலும் தோலிலும் கிழங்கிலும் உள்ள லினமரின் என்ற பொருள் சிதையும்போது சயனைடு வெளிப்படுகிறது. காங்கோ, மொசாம்பிக், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளின் சில பகுதிகளில் பஞ்சமோ போரோ வந்த காலங்களில், கசப்பு வகை மரவள்ளியைப் போதுமான நாட்கள் ஊறவைக்க நேரமில்லாமல், பருப்போ மீனோ இல்லாமல், வாரக்கணக்கில் அதை மட்டுமே உண்டவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு கால்களும் விறைத்துப்போயின. பெரும்பாலும் குழந்தைகளும் இளந்தாய்மார்களும்தான் அதற்கு ஆளானார்கள். கொன்சோ என்பது அந்த நோயின் பெயர். அங்குள்ள யாக்கா மொழியில் ‘கட்டப்பட்ட கால்கள்’ என்று பொருள். அதில் பழுதாவது மேல் இயக்க நரம்பணு. ஏ.எல்.எஸ். போல அது நாளுக்கு நாள் முற்றுவதில்லை. வந்த அளவில் நின்றுவிடும், ஆனால் திரும்பவும் சரியாகாது.

கவனிக்க வேண்டியது, அங்கே நஞ்சு மட்டும் தனியாகக் கேடு செய்யவில்லை என்பதை. சயனைடைத் தீங்கற்ற பொருளாக மாற்ற நம் உடலுக்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. அவை புரத உணவிலிருந்து வருகின்றன. நஞ்சு மிகுந்து, அதை முறிக்கும் உணவு குறைந்தபோதுதான் நரம்பணு வீழ்ந்தது. நம் ஜவ்வரிசியைப் பற்றி யாரும் கலங்க வேண்டாம். சேகோ ஆலையில் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, நீர் விட்டுப் பாலெடுத்து, தொட்டியில் படியவைத்து, வறுத்துக் களத்தில் உலர்த்தும்போது அந்த நச்சு பெருமளவு நீரோடும் காற்றோடும் போய்விடுகிறது. வீட்டில் தோலை நன்றாக நீக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடும் நம் வழக்கமும் நல்ல வழக்கம்.

மத்திய இந்தியாவில் வறட்சிக் காலங்களில் கேசரிப் பருப்பையே முதன்மை உணவாக உண்ட கூலித் தொழிலாளர்களுக்கும் இதே போலக் கால்கள் விறைத்தன. வறட்சியைத் தாங்கி விளையும் அந்தப் பருப்பில் நரம்பணுவை அளவு மீறித் தூண்டிக் கொல்லும் ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. 1961-இல் இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது.

இவை இரண்டும் ஏ.எல்.எஸ். அல்ல. ஏ.எல்.எஸ். நோய்க்கே மிக நெருங்கி வரும் எடுத்துக்காட்டு பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே சென்ற மருத்துவர்கள், அத்தீவின் சமோரோ மக்களிடையே இந்த நோய் மற்ற நாடுகளைப் போல் 50 முதல் 100 மடங்கு இருப்பதைக் கண்டார்கள். சிலருக்கு நடுக்குவாதமும் மறதியும் சேர்ந்தே வந்தன. குடும்பம் குடும்பமாக வந்ததால் மரபணு என்றுதான் முதலில் தேடினார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்து அங்கே பல ஆண்டுகள் தங்கிய பிலிப்பைன்ஸ் நாட்டினர் சிலருக்கும் நோய் வந்தது. பின்பு வாழ்க்கை முறை மாற மாற, அடுத்த சில பத்தாண்டுகளில் நோய் வெகுவாகக் குறைந்தது. மக்களின் மரபணு இவ்வளவு விரைவில் மாறாது, மாறியது சூழல்தான். சைகஸ் என்று நம் தோட்டங்களிலும் அழகுக்கு வளர்க்கும் செடியின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் விதைகளை நீரில் பலமுறை ஊறவைத்து மாவாக்கி உண்பது சமோரோ மக்களின் வழக்கம். அந்த விதையில் உள்ள நஞ்சு காரணமாக இருக்கலாம் என்றும், அவ்விதைகளைத் தின்னும் பழவௌவாலை மக்கள் சமைத்து உண்டதால் நஞ்சு செறிவாக உடலில் சேர்ந்தது என்றும் கருத்துகள் எழுந்தன. குவாம் மண்ணிலும் நீரிலும் சுண்ணாம்புச் சத்து குறைந்து அலுமினியம் மிகுந்திருந்ததே காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டியதை அறிந்தவர்கள் இதைப் படித்தால் திடுக்கிடுவார்கள் என்பதால் சொல்கிறேன்: அந்தக் கருத்து உறுதிப்படவில்லை. சைகஸ் விதைக் கருத்தும் இன்றுவரை விவாதத்தில்தான் இருக்கிறது.

மற்ற ஊர்களில் பேசப்படும் சூழல் காரணங்கள் இதைவிட மங்கலானவை. புகைபிடித்தல் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது ஓரளவு சீராகத் தெரிகிறது. ஈயம், பூச்சிக்கொல்லிகள், தலையில் அடிபடுதல் ஆகியவற்றோடு தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இத்தாலியத் தொழில்முறைக் கால்பந்து வீரர்களிடம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இந்த நோய் காணப்பட்டது. அமெரிக்காவில் இராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கு இந்த நோய் வந்தால் அதைப் பணியின் தொடர்பில் வந்ததாகவே கொண்டு உதவி வழங்க 2008-இல் முடிவெடுத்தார்கள். ஏற்காட்டுத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இதைக் கேட்டால் காப்பித் தண்டுத் துளைப்பானுக்கு ஒரு காலத்தில் பூசிய லிண்டேனை நினைத்துக்கொள்வார்கள். அந்த மருந்தைக் கைவிட்டதற்கு வேறு நல்ல காரணங்கள் ஏராளம். ஆனால் லிண்டேன் பூசியவருக்கு நோய் வந்தால் அதனால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. நோய் வந்தவர் படுக்கையில் கிடந்து தம் வாழ்நாளையே அலசிப் பார்க்கிறார். மருந்து அடித்தது, மரத்திலிருந்து விழுந்தது, பட்டறைப் புகை எல்லாம் அவர் நினைவுக்கு வருகின்றன. அதே வேலையைச் செய்துவிட்டு நலமாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவற்றை நினைத்துப் பார்க்கவே காரணம் இல்லை. கேட்டு எழுதும் ஆய்வுகளில் இந்தக் கோணல் புகுந்துவிடுகிறது.

மரபணுவும் சூழலும் எப்படிச் சேர்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள 2014-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. பல நாடுகளின் நோயாளிப் பதிவேடுகளை எடுத்து, எந்தெந்த வயதில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்று கணக்கிட்டவர்கள், நோய் வெளிப்படுவதற்கு முன் சராசரியாக ஆறு படிகள் கடக்கப்படுவதாகக் கண்டார்கள். ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைப் போல, ஒவ்வொன்றையும் தாண்டினால்தான் அடுத்தது வரும். பிறக்கும்போதே வாங்கி வந்த கீறல் ஒரு படியாக இருக்கலாம். புகை ஒன்றாக, ஏதோ ஒரு நச்சு ஒன்றாக, மூப்பே ஒன்றாக இருக்கலாம். எந்தப் படி எது என்று இந்தக் கணக்கு பெயர் சொல்லாது. எஸ்ஓடி1 கீறலோடு பிறந்தவர்களுக்கு மீதமுள்ள படிகள் இரண்டுதான் என்றும், சி9ஓஆர்எஃப்72 உள்ளவர்களுக்கு மூன்று என்றும் பின்னர் கணக்கிட்டார்கள். அவர்கள் மலையடிவாரத்திலிருந்து புறப்படவில்லை. பாதி வளைவுகளைத் தாண்டிய இடத்திலேயே பிறந்திருக்கிறார்கள். அப்படியும் மீதி வளைவுகள் இருப்பதால்தான் ஒரே வீட்டில் ஒரே கீறலைச் சுமக்கும் அண்ணனுக்கு நாற்பதில் வருவதும் தம்பிக்கு எழுபதிலும் வராமல் இருப்பதும் நேர்கிறது.

தென்னிந்தியாவின் பெயரையே தாங்கிய ஒரு வகையையும் சொல்ல வேண்டும். மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள் 1970-இல் விவரித்த அதை மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்றே உலகம் அழைக்கிறது. இளம் வயதில் தொடங்கும், கை கால் மெலிவோடு முகமும் விழுங்கும் தசைகளும் தளரும், காது மந்தமாகும், ஆனால் மிக மெதுவாகவே முற்றும். இதைப் போலவே காது கேளாமையும் விழுங்க முடியாமையும் சேர்ந்து வரும் இன்னோர் அரிய நோயில், ரைபோஃபிளேவின் எனப்படும் பி2 வைட்டமினை உயிரணுவுக்குள் ஏற்றிச் செல்லும் புரதத்தின் மரபணு பழுதாகி இருப்பதை 2010-ஐ ஒட்டிக் கண்டுபிடித்தார்கள். அந்த வைட்டமினை மிக அதிக அளவில் கொடுத்தபோது பலருக்கு நோய் நின்றது, சிலர் தேறவும் செய்தார்கள். பழுது மரபணுவில் இருக்க, மருந்து உணவுச் சத்தாக இருக்கிறது. இளம் வயதில் காது மந்தமும் கைச் சோர்வும் சேர்ந்து வந்தால் காலம் தாழ்த்தாமல் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பெரியப்பாவின் இரத்தம் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. தெரிந்த மரபணுக்களில் நோய்க்குக் காரணமான கீறல் எதுவும் காணப்படவில்லை என்று முடிவு வந்தது. ஆலோசகர் அதை நிதானமாக விளக்கினார்: இன்று பட்டியலில் உள்ள மரபணுக்களில் இல்லை என்பதே அதன் பொருள், பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருப்பதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான், நலமாக இருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. பெரியப்பா மகனான அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வேளை அது. பெண் வீட்டாரிடம் அந்தத் தாளையே காட்டிப் பேசினோம்.

ஈயப் புகையைப் பற்றி நான் பெரியப்பாவிடம் சொன்னது இதுதான்: பழைய வெள்ளியோடு ஈயம் சேர்த்து உருக்கியது உங்கள் நோய்க்கு ஒரு படியாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்; உங்களோடு அதே உலையருகில் உட்கார்ந்த மற்றவர்களுக்கு வராமல் உங்களுக்கு மட்டும் வந்ததில் உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அப்போதும் பேச்சு தெளிவாகவே இருந்தது, அண்ணனைக் கூப்பிட்டு, உலை வீட்டோடு ஒட்டியிருப்பது சரியில்லை, குழந்தைகள் தவழப் போகும் வீடு, ஈயம் எப்படியானாலும் குழந்தை மூளைக்கு ஆகாதாம், அதை மாற்று என்றார். அடுத்த மாதமே அது வீட்டுக்குப் பின்னால், காற்று வாட்டம் பார்த்து, தகரக் கொட்டகைக்குப் போயிற்று.